பீஎம்பீ காக்கா

பீஎம்பீ காக்கா என்பவர் அம்பாறைக் கரையோரத்தில், கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடைப்பட்ட ஊர்களில் காணப்படும் ஒரு மனித வகை. இங்கே காக்கா என்றால் பறவையல்ல, மூத்த சகோதரன். பீஎம்பீ என்பது, 1969இல் அமெரிக்காவில் உருவான கருத்திட்ட முகாமைத்துவ நிறுவகம் 1984 முதல் வழங்கிவரும் சான்றிதழின் மூன்றெழுத்து. பத்து வருடமாகச் செய்துவரும் வேலையைத் தனக்குச் செய்யத் தெரியும் என்று டொலர் கட்டி நிரூபித்தவரே பீஎம்பீ காக்கா.

இவ்வகையின் மூதாதை 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் தோன்றினார். அதுவரை ‘கருத்திட்டம்’ என்ற சொல் பிரதேச செயலகக் கடிதங்களுக்குள் மட்டும் குடியிருந்தது. கடல் வந்துபோன பிறகு, ஸ்டிக்கர் ஒட்டிய வெள்ளை வாகனங்களில் ‘புரொஜெக்ட்’ வந்து இறங்கியது. கழுத்தில் அட்டை தொங்கியவரெல்லாம் புரொஜெக்ட் ஒபிசர். தோணி கொடுப்பது ஒரு புரொஜெக்ட். கொடுத்த தோணி கடலுக்குப் போகிறதா என்று பார்ப்பது இன்னொரு புரொஜெக்ட். காசு தீர்ந்ததும் வாகனங்கள் போயின, சொல் தங்கிவிட்டது. ஒபிசர்மாரில் பலர் வளைகுடாவுக்குப் பறந்தார்கள். 2022 உலகக் கிண்ணம் கட்டாருக்கு என்று 2010இல் முடிவானபின் டோஹாவில் கட்டடத்துக்கு மேல் கட்டடம் எழுந்தது. எழுந்த இடமெல்லாம் நமது ஊர்ப் பிள்ளைகள் நேரம் எழுதினார்கள், கோப்பு அடுக்கினார்கள், கொங்கிறீற் அளந்தார்கள். அங்கேதான் இவ்வகையின் பரிணாமம் நடந்தது. பத்து வருடம் வெயிலில் நின்றவருக்கு மேலே, ஏசி அறைக்கு நேரே வந்து அமர்ந்த ஒருவரின் பெயருக்குப் பின்னால் மூன்று எழுத்து இருந்தது.

விண்ணப்பமே முதல் படி. பட்டதாரியென்றால் 36 மாதம், உயர்தரத்தோடு நின்றவரென்றால் 60 மாதம், கருத்திட்டங்களை நடத்திய அனுபவம் வேண்டும். அதற்கு மேல் 35 மணித்தியால வகுப்பு. அனுபவத்தை நிறுவகத்தின் மொழியிலேயே எழுத வேண்டும் என்பதால் காக்கா இங்கே மொழிபெயர்ப்பாளராகிறார். ஆட்களைக் கத்திக் கூப்பிட்டது ‘தொடர்பாடல் முகாமைத்துவம்’ ஆகிறது. எஞ்சினியரிடம் ஏச்சு வாங்கியது ‘பங்காளர் ஈடுபாடு’. சீமெந்து வராமல் மூன்று நாள் சும்மா இருந்தது ‘வளங்களை மறுசீரமைத்தல்’. எழுதி முடித்து ஒருமுறை வாசித்துப் பார்க்கும்போது, இவ்வளவு பெரிய ஆளா தான் என்று அவருக்கே கண் கலங்குகிறது. விண்ணப்பங்களில் சிலவற்றைக் குலுக்கல் முறையில் எடுத்துச் சான்று கேட்பார்கள் என்று தெரிந்ததும் கலக்கம் வயிற்றுக்கு இறங்குகிறது.

படிப்பு அடுத்தது. நிறுவகத்தின் கையேட்டை இவ்வகையினர் ‘பிம்பொக்’ என்று அழைப்பர். 2017இல் வந்த ஆறாம் பதிப்பில் பத்து அறிவுப் பரப்புகள், 49 செயன்முறைகள். காக்கா அதைக் குர்ஆன் மதரசா நாட்களின் சிரத்தையோடு மனனம் செய்தார். 49இல் 40 வந்தபோது, 2021இல், ஏழாம் பதிப்பு வெளியாகி, செயன்முறைப் பட்டியலை ஓரங்கட்டி 12 கொள்கைகளைப் போதித்தது. வேலை முடிந்ததா என்பதைவிட அதனால் யாருக்கு என்ன பயன் விளைந்தது என்பதே முக்கியம் என்றது புதுப் புத்தகம். பழையதன் மேல் புதியதை அடுக்கி வைத்தபோது மேசை விசிறி சரியான உயரத்துக்கு வந்தது.

பரீட்சை 2021இல் வந்த வடிவில் 230 நிமிடம், 180 கேள்வி. கேள்விகளின் சுபாவம் தனி. ஒரு பங்காளர் கோபமாக இருக்கிறார், முகாமையாளர் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டு நான்கு விடை தருவார்கள். நான்கும் நல்ல மனிதர் செய்யக்கூடியவையே. மேலதிகாரியிடம் ஓடுவது பெரும்பாலும் பிழை. முதலில் நிலைமையை ஆராய்வது பெரும்பாலும் சரி. இவ்வூர்களில் ஒன்றான ஒலுவிலில் இதற்கு ஐந்தாவது விடை ஒன்று உண்டு: கதிரையைப் போட்டு உட்காரவைத்து ஒரு பிளேன்டி கொடுப்பது. அது கணினியில் இல்லை.

2020 முதல் வீட்டிலிருந்தே பரீட்சை எழுதலாம். கமெரா பார்த்துக்கொண்டிருக்கும். அறைக்குள் வேறெவரும் வரக்கூடாது, கேள்வியை வாய்விட்டு வாசிக்கக்கூடாது. காக்கா இடர்ப் பதிவேடு ஒன்றைத் தயாரித்தார். மின்வெட்டுக்கு ஜெனரேட்டர். இணையம் போனால் இன்னொரு சிம். மருமகப் பிள்ளைகள் மாமி வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். கோழிக்கூடு கொல்லைக்கு நகர்ந்தது. கதவில் ‘உள்ளே வர வேண்டாம்’ என்ற அறிவித்தல். எண்பத்தேழாவது கேள்வியில் யன்னல் மெதுவாகத் திறந்து, வளையல் போட்ட கையொன்று தேத்தண்ணிக் கோப்பையோடு நீண்டது. கதவில்தானே வர வேண்டாம் என்று எழுதியிருந்தது என்பது உம்மாவின் வாதம். பதிவேட்டில் 23 இடர்கள் இருந்தன, உம்மா இல்லை. கமெராவின் கோணத்துக்குள் யன்னல் வராததால் காக்கா தப்பித்தார்.

சித்தியடைந்த பின் தோற்றம் மாறுகிறது. பெயருக்குப் பின்னால் எழுத்துப் போடுவது இவ்வூர்களில் புதிதல்ல. சமாதான நீதவான்களின் ‘ஜேபீ’ வீட்டுப் படலையிலேயே இருக்கும். பீஎம்பீ முதலில் லிங்க்ட்இன்னில் முளைக்கிறது, பிறகு வட்ஸ்அப்புக்குப் படர்கிறது, ஈற்றில் தங்கச்சியின் கலியாணக் கார்டில், வாப்பாவின் பெயருக்கு நேர் கீழே அச்சாகிறது. வாசித்த பெரியவர்களில் ஒரு சாரார் அது கட்சி என்றும், மற்றவர்கள் நோய் என்றும் நினைக்கிறார்கள்.

இவ்வகையின் இயல்பு முழுதாக வெளிப்படும் களம் வீடு கட்டுதல். கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையே மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பதும், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து வாழ்வதும் வழமை. ஆகவே குமர் காரியம் என்பதில் பாதி கட்டட வேலை. காக்கா விடுமுறையில் வந்து, நிலையெடுக்கும் நாள் முதல் குடிபுகும் நாள் வரை எக்ஸெலில் பட்டை பட்டையாக நிறம் பூசிய படமொன்றைச் சுவரில் ஒட்டுகிறார். நூறு வருடத்துக்கு முன் ஹென்றி கான்ட் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் பிரபலப்படுத்திய முறை அது. வாப்பா மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பார்க்கிறார். மூன்று குமருக்கு மூன்று வீடு கட்டிய மனிதர். அவரிடமிருந்த ஒரே ஆவணம் கலண்டர் தாளின் பின்பக்கம்.

“மகன், படம் வடிவாத்தான் இரிக்கி. மேசன் எங்க இரிக்காரு?”

மேசன் சம்மாந்துறையில் வேறொருவரின் வீட்டில் இருந்தார். வேலைகளின் சங்கிலியில் எது தாமதித்தால் முழுத் திட்டமும் தாமதிக்குமோ அந்தத் தொடரை ‘தீர்மான வழி’ என்பார்கள். 1950களின் பிற்பகுதியில் இரசாயனத் தொழிற்சாலைகளின் பராமரிப்புக்காக அமெரிக்காவில் உருவான கணக்கு. காக்கா மூன்று இரவு கணக்குப் பார்த்து அதைக் கண்டுபிடித்தார். அது மேசனின் வீட்டு வாசலில் முடிந்தது. வாப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்த வாசலுக்குப் போய் மூன்று நாளாகியிருந்தது.

சான்றிதழ் இல்லாத முகாமையாளர்கள் இப்பகுதியில் வேறும் உள்ளனர். வயல்வெளியில் வட்டைவிதானை அவர்களில் முதல்வர். போகத் தொடக்கக் கூட்டத்தில் தண்ணீர் திறக்கும் திகதி, விதைக்கும் திகதி, மாடுகளை வெளியேற்றும் திகதி எல்லாம் நூற்றுக்கணக்கான விவசாயிகளின் முன்னால் முடிவாகும். அதன் பிறகு வாய்க்காலின் தலைமாட்டுக்காரனையும் கடைமாட்டுக்காரனையும் ஒருவரையொருவர் மண்வெட்டியால் அடிக்காமல் அறுவடை வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் பொறுப்பு. பிம்பொக்கில் இதற்குப் பல அத்தியாயங்கள் உண்டு. வட்டைவிதானைக்கு ஒரு மோட்டார் சைக்கிளும் உரத்த தொண்டையும் உண்டு.

ஒலுவில் துறைமுகம் காக்காவின் மாலை நேரப் பாடசாலை. துறைமுக அமைச்சராயிருந்து 2000 செப்டெம்பர் 16இல் ஹெலிகொப்டர் விபத்தில் மறைந்த எம்.எச்.எம். அஷ்ரஃபின் கனவு அது. டென்மார்க்கிலிருந்து பெற்ற, ஏறத்தாழ 46 மில்லியன் யூரோ கடனில், டேனிஷ் கம்பனியொன்று 2008இல் வேலையைத் தொடங்கியது. 2013 செப்டெம்பரில் துறைமுகம் திறந்துவைக்கப்பட்டது. வணிகக் கப்பலுக்கு ஒரு பக்கம், மீன்பிடிப் படகுக்கு ஒரு பக்கம், கடலுக்குள் நீண்ட கல்லணைகள். கான்ட் படம் வரைந்திருந்தால் கடைசிப் பட்டை வரை நிறம் பூசியிருக்கும்.

மணல் மட்டும் வேறு படம் வைத்திருந்தது. இந்தக் கரையில் அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்காக நகர்த்திக்கொண்டே இருக்கும். குறுக்கே கல்லணை வந்ததும் வழி மறிபட்ட மணல் தெற்கே ஒதுங்கியது, துறைமுக வாயில் திட்டாகக் குவிந்தது. வடக்கே போய்ச் சேர வேண்டிய மணல் சேராததால் அங்கே கடல் கரையைத் தின்னத் தொடங்கியது. தென்னைகள் வேரோடு சாய்ந்தன. படகுக்காரர் வாயைத் தோண்டு என்றார்கள். காணி இழந்தவர்கள் கல்லைப் போடு என்றார்கள். வணிகக் கப்பல்கள் வழமையாக வந்து போகும் துறைமுகமாக அது ஆகவில்லை. கட்டி முடிப்பது ஒன்று, பயன் விளைவது வேறொன்று என்று புத்தகத்தின் ஏழாம் பதிப்பு சொல்வதற்குப் பல வருடம் முன்பே, மணல் திட்டில் படகு தட்டிய மீனவருக்கு அந்த அத்தியாயம் பாடமாகியிருந்தது. காக்கா கல்லணையில் நின்று இதைக் கைகாட்டி விளக்கும்போது மூன்றெழுத்தை ஒருமுறையும் உச்சரிப்பதில்லை. அவர் நன்றாகப் பேசும் நேரம் அதுவே.

இனிச் சான்றிதழின் பயன். வளைகுடாவின் கட்டுமானம், எண்ணெய், தகவல் தொழில்நுட்பம் ஆகிய துறைகளில் ஆட்சேர்ப்போர் விண்ணப்பங்களை முதலில் சலிப்பது இத்தகைய எழுத்துகளைக் கொண்டே. எழுத்து இல்லாதவரின் அனுபவத்தை வாசிப்பதற்கே ஆளிருக்காது. அந்தக் கதவுக்கு இது திறப்பு. பல நாட்டவர் வேலைசெய்யும் இடத்தில் எல்லோரும் ஒரே சொல்லால் ஒரே பொருளைக் குறிக்க உதவும் பொது மொழியும்கூட. பிரித்தானிய வழியில் இயங்கும் அமைப்புகளில் 1996இல் வெளிவந்த ‘பிரின்ஸ் டூ’ சான்றிதழுக்கு மதிப்பு அதிகம். தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து இன்று வெளியேறிய பிள்ளைக்கு பீஎம்பீ எட்டாது. அதே நிறுவகத்தின் தொடக்கநிலைச் சான்றிதழான ‘கெப்பம்’ எட்டும், ஆனால் அதைவிட ஒரு வருட வேலை கூடப் பேசும். ஊரிலேயே கடை, வயல், படகு என்று இருப்பவருக்கு இது சுவருக்கு அழகு.

செலவையும் கணக்கில் எடுக்க வேண்டும். பரீட்சைக் கட்டணம் பல நூறு டொலர். 2022இன் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாயாயிருந்த டொலர் சில மாதங்களில் 360ஐத் தொட்டபோது, காத்திருந்தவர்களுக்குக் கேள்வி கூடாமலே கட்டணம் கூடியது. சான்றிதழ் பெற்றவர்கள் அதிகம் சம்பாதிக்கிறார்கள் என்று சம்பளக் கணக்கெடுப்பு காட்டும். அதை நடத்துவது சான்றிதழை விற்கும் நிறுவகமே. மீனும் தராசும் ஒரே ஆளுடையவை. மேலும் பரீட்சைக்கு அமர்வதற்கே மூன்று வருட அனுபவம் தேவை என்பதால், கூடுதல் சம்பளத்தில் எத்தனை ரூபாய் எழுத்துக்கு, எத்தனை ரூபாய் வெயிலில் நின்றதற்கு என்று பிரித்தெடுப்பது கடினம்.

சான்றிதழின் ஆயுள் மூன்று வருடம். அதற்குள் ‘பீடீயூ’ எனப்படும் தொழில் மேம்பாட்டு அலகுகள் 60 சேர்க்காவிட்டால் எழுத்து உதிர்ந்துவிடும். ஒரு மணித்தியாலம் கற்றால் ஒன்று. ஒரு மணித்தியாலம் பிறருக்குக் கற்பித்தாலும் ஒன்று, ஆனால் 60இல் 25க்கு மேல் அப்படிச் சேர்க்க முடியாது. மூன்றாவது வருடம் நெருங்க நெருங்க இவ்வகையினர் இளைஞர்மீது விசேட அன்பு காட்டுவதற்கு இதுவே காரணம். பீஎம்பீ செய்வதால் ஏதும் பலன் உண்டா காக்கா என்று அக்காலத்தில் எவராவது கேட்டால், கதிரை வரும், பிளேன்டி வரும், விளக்கம் சரியாக அறுபது நிமிடம் நீளும். கேட்டவர் எழுந்து போனதும் காக்கா போனை எடுத்து ஒன்று என்று பதிவார்.