எந்தப் பேரரசு, ராஜா?

லிடியா நாட்டு மன்னன் குரோசஸுக்குப் பணத்துக்குப் பஞ்சமில்லை. இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில், சார்டிஸ் நகரில் உட்கார்ந்துகொண்டு தங்கக் காசாக அடித்துத் தள்ளியவன். ஒரே ஒரு குறை: ஓசியில் கிடைக்கும் பேச்சு அவன் காதில் ஏறாது.

ஏதென்ஸ் அறிஞர் சோலோன் வந்திருந்தபோது கஜானாவைத் திறந்து காட்டி, உலகத்திலேயே கொடுத்துவைத்தவன் யார் என்று கேட்டான். சோலோன் ஏதோ ஓர் ஏதென்ஸ்காரனின் பெயரைச் சொன்னார். சரி, இரண்டாவது? இரண்டு கிரேக்கப் பையன்கள். மூவருமே செத்துப்போனவர்கள். ஒருவன் செத்த பிறகுதான் கணக்குப் பார்க்க முடியும் என்று விளக்கம் வேறு. இப்படிப் பேசுகிறவருக்கு எந்த அரண்மனையில் சோறு போடுவார்கள்? வழியனுப்பிவிட்டான். (இந்தச் சந்திப்புக்கு வருடக் கணக்கு உதைக்கிறது என்று வரலாற்றாசிரியர்கள் முகம் சுளிக்கிறார்கள். கதை சொன்ன பழங்காலக் கிரேக்க எழுத்தாளர் ஹெரோடோட்டஸே கவலைப்படவில்லை, நமக்கென்ன?)

கிழக்கே பாரசீகத்தில் சைரஸ் தலையெடுத்தான். அவனைத் தட்டிவைக்கலாமா என்று சாமியிடம் கேட்க வேண்டும். எந்தச் சாமி அசல்? குரோசஸ் பரீட்சை வைத்தான். குறி சொல்லும் கோயில்களுக்கெல்லாம் ஆள் அனுப்பி, நூறாவது நாள் ராஜா என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று கேட்கச் சொன்னான். அன்றைக்கு அவன் ஆமையையும் ஆட்டுக்குட்டியையும் வெட்டி, வெண்கல அண்டாவில் போட்டு, வெண்கலத் தட்டால் மூடி வேகவைத்துக்கொண்டிருந்தான். நாடாளுகிறவன் செய்கிற வேலையா அது? ஆனால் டெல்ஃபி கோயிலின் அருள்வாக்கு அம்மாள் அண்டா, மூடி உட்பட அத்தனையும் சொல்லிவிட்டாள்.

ராஜா அசந்துபோனான். வகைக்கு 3000 மிருகங்கள் பலி, 117 தங்கக் கட்டிகள், தங்கத்தில் ஒரு சிங்கம். இவ்வளவும் அழுதுவிட்டு, பாரசீகத்தின் மேல் படையெடுக்கலாமா என்று கேட்டான். போனால் ஒரு பெரிய பேரரசை அழிப்பாய் என்று பதில் வந்தது. மகிழ்ந்துபோய் டெல்ஃபிக்காரர்களுக்குத் தலைக்கு 2 பொற்காசு கொடுத்தான். எந்தப் பேரரசு? அதைக் கேட்கத்தான் தோன்றவில்லை. நம் ஆட்சி எத்தனை காலம் என்று இன்னொரு தரம் ஆள் அனுப்பினான். கோவேறு கழுதை ஒன்று, பாரசீகர்களின் அண்டை இனமான மேதியர்களுக்கு ராஜாவாகும்வரை என்றாள் அம்மாள். கழுதையாவது ராஜாவாவதாவது என்று குரோசஸுக்குப் பரம திருப்தி. சைரஸுக்கு அம்மா மேதிய இளவரசி, அப்பா பாரசீகர், அவனும் கோவேறு கழுதை மாதிரி கலப்புதான் என்பதை யாராவது எடுத்துச் சொல்லியிருக்கலாம்.

சொல்லவே ஆளில்லை என்றும் சொல்ல முடியாது. சண்டானிஸ் என்ற லிடியர் நேரிலேயே வந்து சொன்னார்: தோலை உடுத்து, தண்ணீர் குடித்து, வயிறாரச் சாப்பிடக்கூட வழியில்லாமல் இருப்பவர்கள் பாரசீகர்கள், ஜெயித்தால் நமக்குக் கிடைப்பதற்கு ஒன்றுமில்லை, தோற்றாலோ எல்லாம் போச்சு. தெளிவான பேச்சு, புதிர் கிடையாது, கட்டணமும் கிடையாது. பிறகு எப்படி எடுபடும்?

குரோசஸ் எல்லையிலிருந்த ஹாலிஸ் ஆற்றைக் கடந்தான். முதல் சண்டையில் வெற்றி தோல்வி இல்லை. ஊர் திரும்பியவனைத் துரத்திக்கொண்டு சைரஸ் வந்துவிட்டான். சைரஸின் ஒட்டகங்களைக் கண்டு லிடியாவின் குதிரைகள் மிரண்டு திரும்பின. முற்றுகையின் பதினான்காம் நாள் சார்டிஸ் விழுந்தது. அருள்வாக்கு பலித்தது, அழிந்தது இவன் பேரரசு.

குரோசஸைச் சிதையில் ஏற்றினார்கள். அப்போதுதான் சோலோன் ஞாபகம் வந்து, மூன்று தரம் பெயரைச் சொல்லிப் புலம்பினான். சைரஸ் வேறு ஜாதி: எரியப்போகிறவன் யாரைக் கூப்பிடுகிறான் என்று மொழிபெயர்ப்பாளர்களை விட்டு விசாரித்தான். கதை முழுவதையும் கேட்டு மனம் இளகி, அவனை இறக்கச் சொல்லி, பக்கத்திலேயே உட்காரவைத்தான். இறங்கியவன் கீழே பார்த்து, உன் ஆட்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டான். உன் ஊரைக் கொள்ளையடிக்கிறார்கள் என்றான் சைரஸ். இனி அது என் ஊரில்லையே, உன் ஊர்தானே என்றான் குரோசஸ். சைரஸ் உடனே வாசல்களில் காவல் போட்டான். குரோசஸ் ராஜ ஆலோசகனானான்.

வருடங்கள் கழித்து, மசாகெட்டே நாட்டு ராணி தோமிரிஸோடு தகராறு. நடுவில் அராக்சஸ் ஆறு. அவளே கடந்து வரட்டும் என்றார்கள் பாரசீகப் பிரபுக்கள் அத்தனை பேரும். குரோசஸ் மட்டும், கூடாது, நாம்தான் ஆற்றைக் கடக்க வேண்டும் என்றான். ஆறு கடப்பதில் அவனுக்குத்தான் அனுபவம் உண்டே! சைரஸ் அக்கறையாகக் காதுகொடுத்துக் கேட்டான், கடந்தான், செத்தான். கி.மு. 530. யோசனை சொன்னவனை மட்டும் சண்டைக்கு முன்பே இளவரசனோடு பத்திரமாக ஊருக்கு அனுப்பியிருந்தார்கள்.