மூன்று வருட லைசென்ஸ், 1,400 கோடி வருடக் குப்பை

பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனில், வாழை இலைச் சாப்பாட்டுக் கடை வாசலில் புத்தம் புது எலக்ட்ரிக் கார் ஒன்று டபுள் பார்க்கிங் போட்டு நிற்கிறது. எலக்ட்ரிக் காருக்கென்றே கொடுக்கிற தனி நம்பர் பிளேட். உள்பக்கம் மாட்டிக்கொண்ட பழைய மைவி கார் ஹார்ன் அடித்து ஓய்ந்துவிட்டது. காருக்குச் சொந்தக்காரர் உள்ளே நிதானமாக ரசம் குடிக்கிறார். பூமியைக் காப்பாற்றுகிறவரை யார் அவசரப்படுத்துவது?

அவரை விட்டுவிடுவோம். அந்த மாதிரிக் கார்களின் மோட்டாருக்குள் இருக்கும் காந்தத்துக்கு வருவோம். அதற்கு நியோடிமியம், பிரசியோடிமியம் என்ற அரிய மண் தனிமங்கள் வேண்டும். மேற்கு ஆஸ்திரேலியாவின் மவுண்ட் வெல்டில் தோண்டி, கப்பலேற்றி, குவாந்தானை ஒட்டிய கெபெங்கிற்குக் கொண்டு வருகிறார்கள். 2012 முதல் லைனஸ் கம்பெனியின் ஆலை அங்கே ஓடுகிறது. 12 வருட வரிவிலக்கு வேறு. பிரித்தெடுத்த சரக்கு வெளியே போய்விடும். தோரியம் கலந்த கழிவு மட்டும் நம் வீட்டு மாப்பிள்ளையாகத் தங்கிவிடும். பத்து லட்சம் டன்னுக்கு மேல் சேர்ந்தாயிற்று. திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்ற பேச்சு வந்தபோது, 2019இல் மேற்கு ஆஸ்திரேலிய அரசு கையை விரித்துவிட்டது. கழிவை மண் வளமூட்டியாக்கி வயலில் போடலாம் என்றுகூட ஆராய்ச்சி நடந்தது. அதற்குக் காண்டிசாயில் என்று ஒரு பெயரும் வைத்தார்கள். பெயர்சூட்டு விழாவுக்கு நம்மைத்தான் கூப்பிடவில்லை.

தோரியத்தின் அரை ஆயுள் 1,400 கோடி ஆண்டுகள். அதாவது, இன்றைக்கு இருப்பதில் பாதி குறையவே அவ்வளவு காலம். பிரபஞ்சத்துக்கே இன்னும் அத்தனை வயதாகவில்லை. 2020இலும் 2023இலும் ஆலைக்கு நாம் கொடுத்த லைசென்ஸ்? மூன்று மூன்று வருடம்.

அந்த லைசென்ஸை வைத்து எத்தனை வித்தை! கதிரியக்கக் கழிவு உண்டாகும் வேலையை நான்கு ஆண்டுக்குள் வெளிநாட்டுக்கு மாற்று என்று 2019இல் கறாராகச் சொன்னார்கள். 2023 பிப்ரவரியில், ஜூலையோடு சரி என்றார்கள். மே மாதம் அது அடுத்த ஜனவரி ஆனது. அக்டோபரில் 2026 மார்ச் ஆனது. வட்டிக்கடைக்காரர்கூட இவ்வளவு தவணை தரமாட்டார். ஆலையை எதிர்த்து 2012 நவம்பரில் குவாந்தானிலிருந்து கோலாலம்பூர் டத்தாரான் மெர்டேக்காவை நோக்கி சுமார் 300 கிலோமீட்டர் நடந்து வந்தவர்களுக்குக் கால் கொப்புளம்தான் மிச்சம். அன்றைக்கு அவர்களோடு மேடையேறி, ஆலையை மூடுவோம் என்று முழங்கியவர்கள் 2018இல் ஆட்சிக்கு வந்தார்கள். மூடியது அவர்கள் வாய்.

இதெல்லாம் நமக்குப் புதிதா? கோலாலம்பூரே ஈயம் தோண்டிய குழியிலிருந்து எழுந்த ஊர். ஈயம் எடுத்த பின் மிஞ்சும் அமாங்கில் அரிய மண்ணும் தோரியமும் உள்ள மோனசைட் இருக்கிறது என்றுதான் 1982இல் பேராக்கின் புக்கிட் மேராவில் ஏசியன் ரேர் எர்த் ஆலை வேலை தொடங்கியது. ஜப்பானின் மிட்சுபிஷி அதில் பங்காளி. ஊரில் பிள்ளைகளுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது; காரணம் நாங்கள் இல்லை என்றது கம்பெனி. ஊரார் 1985இல் வழக்குப் போட்டார்கள். அவர்களுக்காக வாதாடிய வக்கீல்களில் ஒருவரான மீனாட்சி ராமனை 1987இல் ஓப்பராசி லாலாங் கைது வேட்டையில், விசாரணையில்லாமல் அடைக்கும் இசா சட்டத்தில் உள்ளே வைத்தார்கள். 1992இல் ஈப்போ உயர்நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. அடுத்த வருடமே உச்சநீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. முறையிடுவதானால் அணுசக்தி உரிம வாரியத்திடம் அல்லவா போயிருக்க வேண்டும் என்றது. லைசென்ஸ் கொடுத்ததே அந்த வாரியம்தான்! கடைசியில் கம்பெனி தானாகவே கடையைக் கட்டியது. துப்புரவுக்கு ஏறக்குறைய 10 கோடி அமெரிக்க டாலர் ஆனது. கழிவு கிளேடாங் மலையில் புதைந்து கிடக்கிறது.

2023 செப்டம்பரில், சுத்திகரிக்காத அரிய மண்ணை ஏற்றுமதி செய்யத் தடை வரும், 2025இல் இத்தொழில் 950 கோடி ரிங்கிட் ஈட்டும், சுமார் 7,000 பேருக்கு வேலை என்றார் பிரதமர். 2025 அக்டோபரில் அமெரிக்க அதிபர் கோலாலம்பூர் வந்தார். அமெரிக்காவுக்குப் போகும் அரிய மண்ணுக்குத் தடையோ கோட்டாவோ போடமாட்டோம் என்று கையெழுத்தாயிற்று. மூலப்பொருளுக்கான தடை அப்படியே இருக்கிறது என்று பின்னாலேயே விளக்கம். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! அந்தக் காந்தம் எஃப்-35 போர் விமானத்திலும் உண்டு. குண்டு போடும்போது புகை வராதோ என்னவோ.

தேய்ந்து போன பிறகும் அந்தக் காந்தம் விருந்தாளியாக நம்மிடமே வருகிறது. வெளிநாட்டு எலக்ட்ரானிக் குப்பையைப் பழைய இரும்பு என்று எழுதி கிள்ளான் துறைமுகத்தில் இறக்கி, சுங்கத்துறையிடம் மாட்டும் கதை அடிக்கடி நடக்கிறது. 2018இல் பக்கத்து ஜெஞ்சாரோமில் வெளிநாட்டு பிளாஸ்டிக்கை எரித்த புகையைச் சுவாசித்தவர்களைக் கேட்டால், பசுமைக்கு என்ன வாசனை என்று சொல்வார்கள்.

சீனாவிலும் மியன்மாரின் கச்சினிலும் இதைவிடக் கேவலமாக அரிய மண்ணைத் தோண்டுகிறார்கள், தெரியும். பெட்ரோலைக் கட்டிக்கொண்டு அழவும் எனக்கு ஆசையில்லை. கெபெங் கழிவில் கதிர்வீச்சு மிகக் குறைவு, ஆபத்தில்லை என்று லைனஸ் சொல்வதையும் ஒரு பேச்சுக்கு நம்பிவிடுகிறேன். நம்பியதால்தான் ஒரு யோசனை. இவ்வளவு சாதுவான மண்ணை எதற்குக் குவாந்தான்காரர்கள் மட்டும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்? புத்ராஜெயாவில் வையுங்கள். ஏரிக்கரையில் அமைச்சுக் கட்டடங்களுக்கு நடுவே இடம் தாராளம். பிராங் புசார் தோட்டத்தை அழித்துக் கட்டிய ஊர்தானே? அங்கிருந்தும் சுற்றுத் தோட்டங்களிலிருந்தும் கிளப்பிய நம் பாட்டாளிகள் டெங்கிலில், அதே அணுசக்தி உரிம வாரியம் இருக்கும் ஊரில், விரிசல் விட்ட அடுக்குமாடியில் இருந்துகொண்டு கால் நூற்றாண்டாகத் தரைவீடு கேட்டு நடந்தவர்கள். மாற்றிடம் கேட்டு மனு எழுத அமைச்சர்களுக்கு ஆள் தேவைப்பட்டால் அவர்களிடம் போகட்டும். அனுபவம் அதிகம், கூலியும் கேட்கமாட்டார்கள்.