நானூறு ரூபாய்க்கு ஆட்சி மாற்றம்

தமிழ்நாட்டில் ஒரு பொருளைக் கொடுக்க மேடை உண்டு. அது கெட்டுப்போனால் தூக்கிக்கொண்டு போக ஒரு மேசைகூடக் கிடையாது.

2011 செப்டம்பர் 15. அண்ணா பிறந்தநாள். திருவள்ளூர் மாவட்டத்தில் விழா எடுத்து, மிக்சி, கிரைண்டர், மின்விசிறியோடு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தையும் தொடங்கிவைத்தார் ஜெயலலிதா. அடுத்து வந்த ஆண்டுகளில் ஐம்பது லட்சத்துக்கும் மேல் கொடுத்தாயிற்று. செலவு ஏழாயிரம் கோடியைத் தாண்டியது. திட்டத்தைத் தூற்ற நான் வரவில்லை. குளச்சலில் கட்டுமரத்துக்காரர் மகளும், அருமனையில் ரப்பர் பால் வெட்டுகிறவர் மகனும் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்த பொருளை அவர்கள் மடியிலேயே கொண்டுவந்து வைத்த திட்டம் அது. நல்ல காரியம். நல்ல காரியத்தைப் பாதியில் கைகழுவுவதில்தான் நம் நிர்வாகத்துக்கு முனைவர் பட்டம்.

முதலில் வந்த மடிக்கணினிகளில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று விண்டோஸ். மற்றொன்று பாஸ். இது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் 2007இல் வெளியிட்ட, டெபியன் வழிவந்த சுதேசி லினக்ஸ். ஒரே பெட்டியில் அமெரிக்காவும் பாரதமும். கூட்டணி அரசு என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் எதைத் திறப்பது, ஏன் திறப்பது என்று பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல யாருக்கும் நேரமில்லை.

வன்வட்டில் மூன்றாவதாக ஒன்றும் இருந்தது. கணினி செய்கிற கம்பெனிகள் அசல் இயங்குதளத்தின் முழுப் பிரதியை ஒரு மறைவான பகுதியில் வைத்து அனுப்புவது வழக்கம். ரெக்கவரி பார்ட்டிஷன். கணினி மண்டையைப் போட்டால், ஆன் செய்யும்போதே ஒரு விசையைத் தட்ட வேண்டும். ஏசர் என்றால் ஆல்ட்டும் எஃப்10-உம். எச்.பி. என்றால் எஃப்11. லெனோவாவில் பல மாடல்களுக்குப் பக்கவாட்டில் ஊசி நுழைகிற அளவில் ஒரு பொத்தான். அமுக்கினால் பெட்டி பிரித்த நாளுக்குத் திரும்பிப் போகலாம். வன்வட்டே செத்துப்போனால் என்ன செய்வது? அதற்குத்தான் வாங்கிய கையோடு ஒரு டிவிடியிலோ பென் டிரைவிலோ மீட்புப் பிரதி எடுத்து வைக்கச் சொல்வார்கள்.

நம் பிள்ளைகளிடம் சொன்னார்களா? விழாவில் எம்.எல்.ஏ. பேசினார். ஒன்றியம் பேசியது. வட்டம் பேசியது. பெட்டியை எந்தப் பக்கம் திருப்பிப் பிடித்தால் தலைவர் படம் தெளிவாக விழும் என்று போட்டோகிராபர் பேசினார். அந்த ஒற்றைப் பொத்தானைப் பற்றிப் பேச மட்டும் மைக் கிடைக்கவில்லை.

அதன் பலனை நாகர்கோவில் வடசேரிப் பக்கம் ஒரு சர்வீஸ் கடையில் பார்த்தேன். தோவாளையில் பூக்கட்டுகிற அம்மாள் ஒருத்தி, மகளின் மடிக்கணினியை மஞ்சள் பையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள்.

“தம்பி, ஆன் பண்ணுனா வட்டம் சுத்திக்கிட்டே கெடக்கு. பிள்ளைக்கு ஏதோ அசைன்மென்ட் அனுப்பணுமாம்.”

“ஓ.எஸ். போயிருக்கு எக்கா. ஃபார்மட் அடிச்சுப் புதுசு போடணும். நானூறு ரூவா ஆவும், பாத்துக்கிடுங்க.”

“அசலா போடுவியா மக்கா?”

“எல்லாம் ஒண்ணுதான் எக்கா.”

திரையில் பார்ட்டிஷன்கள் வரிசையாக நின்றன. அதில் ஒன்றின் பெயரே ரெக்கவரி. பையன் அதன்மேல் டெலிட்டைத் தட்டினான். உற்பத்தியாளரின் முக்கியக் கோப்புகள் இதில் இருக்கலாம், அழித்தால் போய்விடும் என்று கணினியே எச்சரித்தது. அந்த மடிக்கணினியின் வாழ்நாளில் அதன்மேல் அக்கறைப்பட்டுப் பேசிய ஒரே குரல் அதுதான். பையன் ஓகே தட்டினான். பாரதம் போயிற்று. அரசு காசு கொடுத்த அமெரிக்கா போயிற்று. மீட்புப் பிரதியும் போயிற்று. ஒரு பென் டிரைவ் ஏறியது. ஆன்டிவைரசை அணைத்துவிட்டு, ஆக்டிவேட் செய்ய ஒரு கள்ளச்சாவி ஏறியது. அந்தச் சாவியோடு வேறு என்னென்ன உள்ளே போயிற்றோ, அதைச் செய்து உலவவிட்டவனுக்குத்தான் வெளிச்சம்.

இதில் உச்சமான கேலிக்கூத்து ஒன்று உண்டு. விண்டோஸ் 8 காலத்திலிருந்து, கம்பெனியே விண்டோஸ் போட்டு விற்கிற கணினிகளில் உரிமச் சாவி மதர்போர்டிலேயே பதிந்துதான் வருகிறது. அதே பதிப்பை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இலவசமாக இறக்கி, எட்டு ஜிபி பென் டிரைவில் ஏற்றிப் போட்டால், இணையத்தில் சேர்ந்ததும் தன் சாவியைத் தானே எடுத்துக்கொண்டு திறந்துவிடும். அதாவது அப்படி வந்த பெட்டியில், அரசு வரிப்பணத்தில் வாங்கிய அசல் சாவி அடியில் கிடக்கிறது. அதன் தலைமேல், ஒரு ஏழை வீட்டு நானூறு ரூபாயில், கள்ளச்சாவி உட்கார்ந்திருக்கிறது. பையனைத் திட்ட எனக்கு மனமில்லை. அவனுக்கும் யாரும் சொல்லித்தரவில்லை. அறையப்பட வேண்டிய கன்னங்கள் கோட்டையில் இருக்கின்றன.

எத்தனை ஃபார்மட் அடித்தாலும் அழியாதது ஒன்றே ஒன்று. மூடியின்மேல் இருந்த முதலமைச்சர் படம். அதற்கு மீட்புப் பிரதி தேவைப்படவில்லை.

அழித்து எழுதுவது நம் அரசுகளுக்கும் கைவந்த கலைதான். தமிழ்நாடு அரசின் மின்னணு நிறுவனமான எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்த உமாசங்கர், தி.மு.க. ஆட்சியில் அந்த நிறுவனத்தை சூசே லினக்சுக்கு நகர்த்தினார். 2011இல் அதே எல்காட் விண்டோசுக்கு டெண்டர் விட்டது. அதே ஆண்டு, சமச்சீர்ப் பாடப்புத்தகத்தில் கருணாநிதி சம்பந்தப்பட்ட பக்கங்களின் மேல் ஸ்டிக்கர் ஒட்டி விநியோகித்தார்கள். பசை வாங்க நிதி இருந்தது. ஆள் இருந்தது. அவகாசமும் இருந்தது.

தணிக்கைத் துறையும் தன் பங்குக்கு எழுதி வைத்தது. தேவையைத் தப்பாகக் கணக்கிட்டு வாங்கியதில் ஏறக்குறைய 55,000 மடிக்கணினிகள் கொடுக்கப்படாமலே கிடந்தன. மதிப்பு 68 கோடி ரூபாய்க்கு மேல். ஒருவகையில் அவை பாக்கியம் செய்தவை. யார் கையிலும் படாததால், அவற்றின் மீட்புப் பிரதி பத்திரமாக இருந்திருக்கும்.

வேறு வழியே இல்லையா என்றால், களியக்காவிளையைத் தாண்டினால் கேரளத்தின் பாறசாலை. 1956 நவம்பர் 1 வரை இந்தக் குமரி மாவட்டமும் அந்தப் பக்கத்தோடுதான் இருந்தது. அங்கே அரசுப் பள்ளிகளின் கணினிகளில் ஓடுவது லினக்ஸ். ஐடி@ஸ்கூல் என்று தொடங்கி, இன்று கைட் என்று பெயர் மாறிய அரசு நிறுவனம், பள்ளிக்கென்றே இயங்குதளத்தை உருவாக்கி இலவசமாகத் தருகிறது. பத்தாம் வகுப்பு ஐ.டி. செய்முறைத் தேர்வையே அதில்தான் எழுதுகிறார்கள். முகாம் போட்டு, பொதுமக்கள் கொண்டுவருகிற கணினியிலும் இலவசமாக ஏற்றிக் கொடுத்திருக்கிறார்கள். நம் மலையை உடைத்துக் கல்லும் எம்-சாண்டும் இரவும் பகலும் அந்தப் பக்கம் லாரியில் போகின்றன. திரும்பி வருகிற வண்டியில் இந்த நல்ல பழக்கத்தை யாராவது ஏற்றி அனுப்பக் கூடாதா? வருவதென்னவோ கோழிக்கழிவும் ஆஸ்பத்திரிக் குப்பையும்தான்.

விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-ல் முடிந்தது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. பழைய மடிக்கணினிகளை வைத்திருப்பவர்களுக்கு மாவட்ட நிர்வாகமோ பள்ளிக்கல்வித் துறையோ ஒரு துண்டுச் சீட்டாவது அனுப்பியிருந்தால், வைத்திருப்பவர்கள் காட்டட்டும். சட்டம் போட்டு மாட்டலாம். பாதுகாப்பு ஓட்டையோடு ஓடுகிற அந்தப் பெட்டிகளில்தான் ஆதார் நகலும் வங்கிப் பாஸ்புத்தகமும் ஸ்கேன் ஆகிக் கிடக்கின்றன.

இப்போது அடுத்த சுற்று. 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி என்று 2025-26 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். முதல் கட்டத்துக்கு 2,000 கோடி ரூபாய். ஆட்சி வேறு, அறிக்கை வேறு, மேடை அதே மேடை. அந்த இரண்டாயிரம் கோடியில், கல்லூரிக்கு ஒன்றாக, அசல் இயங்குதளம் ஏற்றிய எட்டு ஜிபி பென் டிரைவ் வாங்கிக் கொடுக்க முடியுமா ஐயா? கூடவே, எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்று அரைப் பக்கத்தில் தமிழில் ஒரு தாள். படம் போட இடமில்லையே என்று கவலைப்பட வேண்டாம். பென் டிரைவ் மூடியிலும் அச்சடிக்கலாம். கொஞ்சம் சிறிசு. தலை மட்டும்தான் வரும்.