எரிமலையில சறுக்கப் போற பேராண்டிக்கு

வாடா பேராண்டி, இப்பிடித் திண்ணையில ஒக்காரு. ஜெர்மனியில சம்பாதிக்கிற பய பங்குனியில லீவு போட்டு இத்தாலிக்குத் தெக்க சிசிலித் தீவுக்குப் போறான்னு ஒங்கப்பன் சொன்னான். நல்லதுதான், குளுருல வெறைச்சுக் கெடந்த ஒடம்பு நாலு நாள் கடக்கரை வெயில்ல காயட்டும்னு நெனைச்சேன். பெறகுதான் இழுக்குறான், பய அங்க பனியில சறுக்கப் போறானாம்.

எந்தத் தீவுல? 2021 ஆகஸ்டுல ஃபுளோரிடியாங்கிற ஊர்ல 48.8 டிகிரி செல்சியஸ் அடிச்சு, ஐரோப்பாக் கண்டத்துலயே இதுவரைக்கும் பதிவான வெக்கை இதுதான்னு உலக வானிலை அமைப்பு முத்திரை குத்துச்சே, அந்தத் தீவுல. ஆப்பிரிக்காக் கரையில இருக்குற துனிஸ் பட்டணத்துக்கும் நீ ஏறப்போற எட்னா எரிமலைக்கும் அட்சரேகைக் கணக்குல ஒரு பாகைதான் வித்தியாசம். ஒனக்கு ஆல்ப்ஸ் மலை பக்கத்துலயே கெடக்கு. அதை விட்டுட்டுப் பனிக்காகத் தெக்க பறக்குற. படிச்சவன், கேட்டாக் காரணம் சொல்லுவ. நான் கேக்கலை.

கேக்காட்டியும் ஒன் சித்தி மகளை விட்டுப் போன்ல வாசிக்கச் சொல்லித் தெரிஞ்சுக்கிட்டேன். எட்னாவுக்கு 3,300 மீட்டருக்கு மேல ஒசரமாம். சரியா எவ்வளவுன்னு கல்லுல வெட்டி வைக்க முடியாது. கக்குனா ஏறும், உச்சி சரிஞ்சா எறங்கும். குளிர்காலத்துல அவ்வளவு ஒசரத்துல மழைக்குப் பதிலாப் பனிதான் எறங்கும், சுத்திக் கடல் இருக்குறதால ஈரத்துக்கும் பஞ்சமில்லை. வாசல்ல மாசக்கணக்காப் பனி கெடக்குற நார்வேக்காரன்கூட வழிகாட்டிக்குக் காசு கட்டி அங்கிட்டு வர்றான். பனியில நின்னுக்கிட்டே கீழ அயோனியக் கடலைப் பாக்கலாமாம். அந்த ஒண்ணு நியாயந்தான், ஒத்துக்கிறேன்.

எனக்குப் புரியாதது வேற. தெக்குப் பக்கம் சபியென்சாங்கிற எடத்துல, 1,900 மீட்டருல, ரோப் கார் நிக்கிது. ஏறி ஒக்காந்தா 2,500 மீட்டருக்குத் தூக்கிட்டுப் போயிரும். நீ அதுல ஏற மாட்டியாம். சறுக்குப் பலகைக்கு அடியில அங்கோரா ஆட்டு மயிரும் நைலானும் கலந்து நெய்ஞ்ச பட்டையைப் பிசின் போட்டு ஒட்டிக்கிருவியாம். மயிரு ஒரு பக்கமாச் சாஞ்சிருக்குறதால முன்னால வழுக்கும், பின்னால வழுக்காதாம். குதிகாலை அவுத்து விட்டுக்கிட்டு மூணு நாலு மணி நேரம் இழுத்து இழுத்து ஏறி, மேல போயி பட்டையைப் பிச்சு எடுத்துட்டு, கொஞ்ச நேரத்துல சர்ருனு கீழ வந்துருவியாம். இதுக்கு ஒரு வருசம் காசு சேத்திருக்க. போன பொங்கலுக்கு மாடிக்கு ஒரு மூட்டை நெல்லைத் தூக்கச் சொன்னேன், முதுகு புடிச்சிருக்குன்ன.

சாமான் பட்டியலையும் வாசிச்சுக் காட்டுனா. பனிச்சரிவுல பொதைஞ்சா எங்க கெடக்கன்னு சிக்னல் குடுக்குற கருவி, குத்திப் பாக்க மடக்குக் கம்பி, தோண்டி எடுக்கச் சின்ன மண்வெட்டி. ஆக, ஒன் கையில மண்வெட்டியைப் புடிக்க வைக்கணும்னா இத்தாலிக்காரன்தான் வரணும்.

சரி, கிண்டலை நிப்பாட்டுறேன். இது கொஞ்சம் காதுல போகட்டும். அந்த மலைக்கு உரிமம் வாங்குன வழிகாட்டிக இருக்காக. உச்சிவாய்ப் பக்கம் அவுக இல்லாமப் போகக் கூடாதுன்னு விதி, மலை மொறைச்சா அவுகளையே விடமாட்டாக. கத்தானியாப் பட்டணத்துல இருக்குற எரிமலை ஆராய்ச்சிக்காரக ராப்பகலா அதுக்கு நாடி புடிச்சுப் பாக்குறாக. பனி மேல நெருப்புக் கொழம்பு வந்தா அவிஞ்சிரும்னுதானே நெனைக்கிற? காஞ்ச எண்ணெயில தண்ணியத் தெளிச்சுப் பாரு, தெரியும். கொழம்புக்கு அடியில மாட்டுன பனி ஆவியாகி, வெளிய வர வழியில்லாம வெடிக்கும். 2017 மார்ச் 16ஆம் தேதி அப்பிடித்தான் வெடிச்சுக் கல்லு பறந்து, பத்துப் பேர் போலக் காயம். அதுல பிபிசிக்காரகளும் உண்டு, படம் எடுக்கப் போனவுக. கூட விவரம் தெரிஞ்சவுக இருந்தும் இந்தக் கதி. 2025 பிப்ரவரியில பனிக்கு நடுவுல கொழம்பு ஓடுதுன்னு சேதி பரவி, செல்போனைத் தூக்கிக்கிட்டு சனம் தெரண்டு, ரோடே அடைச்சுப் போச்சாம். ஒன்னைய நம்ப முடியாது, நீயும் கிட்டப் போயி நின்னு மூஞ்சியப் படம் புடிப்ப.

அதனால சொல்றேன். வழி காட்டுறதுக்கு அந்த ஆளுக்குக் காசு குடுக்குறோம்னு நெனைக்காத. வழி மலையிலயே தெரியுது, மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. “இன்னைக்கு வேணாம், திரும்பு”ன்னு அவரு சொல்லுவாரு பாரு, அந்தச் சொல்லுக்குத்தான் காசு. அதையே நான் இருவது வருசமாச் சும்மா சொன்னேன், ஒரு தடவை கேட்டியா? யூரோவுல கட்டிட்டுக் கேக்கப் போற. கேட்டாச் சரி.

காலையில எந்திரிக்கிற விசயம் ஒண்ணு இருக்கு. ராத்திரி பனி இறுகிக் கெடக்கும், வெயில் ஏற ஏற மேல்தோல் மட்டும் எளகும். அந்த எளக்கத்துல சறுக்குறதுதான் சொகமாம். மத்தியானம் தாண்டுனாக் கூழாகிக் காலை உள்ள இழுத்துரும், சரியவும் சரியும். அதனால விடியக் கருக்கல்ல கெளம்பணும். பல்லு விளக்க ஒம்போது மணி ஆகுற பயலை அந்த வழிகாட்டி எப்பிடி எழுப்பப் போறாரோ, அவருக்குத்தான் என் அனுதாபம்.

இன்னொண்ணு, சாம்பல். மலை தும்முனாக் கருஞ்சாம்பல் பனி மேல விழும். லேசா விழுந்தா வெயிலை இழுத்துப் பனியக் கரைக்கும், கெட்டியா மூடுனா உருகவிடாமக் காப்பாத்தும். எப்பிடி இருந்தாலும் ஒன் பலகையோட அடியை ராவிப்புடும். புதுப் பலகை வாங்கியிருந்தா வீட்டுல வச்சுட்டு வாடகைக்கு எடு.

இந்தப் பனி விசயத்துல அந்தூர்க்காரன் ஒன்னையவிடச் சூட்டிகை. நீ காசு குடுத்துப் பனிக்குப் போற, அவன் பனிய வித்துக் காசு பாத்தவன். ஐஸ் மிசினு வாரதுக்கு முந்தி எட்னாப் பனியக் குழியில அமுக்கி, சாம்பலும் தழையும் போட்டு மூடி வச்சுக் கோடையில வெட்டி எடுத்து, ராத்திரியோட ராத்திரியாக் கோவேறு கழுதையில எறக்குனாக. கப்பல்ல மால்டா வரைக்கும் போச்சு. கத்தானியாப் பிஷப்புக்கு அதுல நல்ல வருமானமாம். வானம் கொட்டுற பனியில பிஷப்பு காசு பாத்திருக்காரு, சாமர்த்தியம்! அந்தப் பனியில பழச்சாறு கலந்து தின்ன பழக்கந்தான் இப்பக் கிரானித்தான்னு நிக்கிது. காலைப் பலகாரமே அங்க அதுதான், பிரியோஷ் பன்னைப் பிச்சுத் தொட்டுக்கிட்டு. பாதாம் போட்டது, மல்பெரி போட்டது, புரோந்தே ஊரு பிஸ்தா போட்டது. மூணையும் தின்னு. மலை ஏறலைன்னாலும் காசு வசூல்.

மேல 2,900 மீட்டர் வாக்குல தத்துவஞானி கோபுரம்னு ஒரு எடம். எம்பெடோக்ளிஸ்னு ரெண்டாயிரத்து நானூறு வருசத்துக்கு முந்துன கிரேக்க ஞானி, தன்னைய எல்லாரும் சாமின்னு நெனைக்கணும்னு எரிமலை வாய்க்குள்ள குதிச்சாராம். மலை அவரோட வெண்கலச் செருப்புல ஒண்ணை மட்டும் வெளிய துப்பிக் காட்டிக் குடுத்துருச்சாம். கதைதான். இருந்தாலும் ஒன் செருப்பு ஒவ்வொண்ணும் ஆளு நீளம் இருக்கு, மலைக்கும் சங்கடம் பாரு.

வடக்குப் பக்கம் பியானோ புரொவென்சானான்னு ஒரு எடம், 2002ல கொழம்பு வந்து ஓட்டல், சறுக்கு லிப்டு எல்லாத்தையும் மூடிருச்சு. அதுக்கு முந்துன வருசம் தெக்குப் பக்க ரோப் கார். ரெண்டையும் திரும்பக் கட்டிட்டாக. அந்தத் தெம்பு எனக்குப் புடிச்சிருக்கு.

கடைசியா ஒண்ணு, மெதுவாச் சொல்றேன், உள்ள காது கேக்கும். ஒங்க அப்பத்தாகிட்ட நீ கடக்கரைக்குப் போறன்னுதான் சொல்லி வச்சிருக்கேன். பொய் இல்லை, மேல நின்னாக் கடல் தெரியும்ல? எரிமலைன்னு தெரிஞ்சா ராத்திரிச் சோறு எனக்குத்தான் இல்லை. அதனால படம் அனுப்புனா கடல் மட்டும் விழுகுற மாதிரி எடு. பொகை எப்பிடியும் வந்துருச்சுன்னா, மீன் சுடுறாகன்னு எழுது.