அண்டா ஜாக்கிரதை

உஸ்மானிய சுல்தானின் ஜானிசரி வீரன் தொப்பியில் கரண்டி செருகிக்கொண்டு அணிவகுப்பான். பால்கன் கிராமங்களில் பையனாகப் பிடித்துவந்து, மதம் மாற்றி, பாசறையில் வளர்த்த படை. தொடக்கத்தில் கல்யாணமும் கூடாது. பிரிவின் மானம் சோற்று அண்டாவில் இருந்தது. அதைக் கவிழ்த்தால் கலகம். 1622-இல் சுல்தான் இரண்டாம் உஸ்மானின் கதையையே முடித்துவிட்டார்கள்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் மனிதவள அதிகாரிகளுக்கு இதில் பாதிதான் தெரியும் போல. தூரத்து மாவட்டத்துப் பெண், சீருடை, விடுதி, ஷிப்டு பஸ். பிடித்துவர வேண்டியதில்லை, வேலையில்லாத ஊரே அனுப்பிவிடும். ஆப்பிளுக்கு ஐபோன் செய்யும் ஃபாக்ஸ்கான் ஆலையில் கல்யாணமான பெண்களைத் தவிர்க்கிறார்கள் என்று 2024-இல் ராய்ட்டர்ஸ் எழுதியது; பாகுபாடே இல்லை என்றது நிறுவனம்.

அண்டா விஷயத்தில்தான் கோட்டை விட்டார்கள். 2021 டிசம்பரில் அந்த ஆலைப் பெண்களின் விடுதிச் சாப்பாடு நூற்றுக்கும் மேற்பட்டோரை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தது. மற்றவர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். லாரிகள் நின்றன, ஆலையும் நின்றது. விடுதியும் சாப்பாட்டுக்கூடமும் தரமில்லை என்பதை அப்போதுதான் ஆப்பிள் கண்டுபிடித்தது.

1826-இல் இரண்டாம் மகமூது பீரங்கி வைத்து ஜானிசரிகளை ஒழித்தார். இங்கே ஐபோன் ஆர்டர் காத்திருந்தது. ஜனவரியில் ஆலையைத் திறந்துவிட்டார்கள்.