பெயிண்டிலும் இரும்பு காய்க்கும்

வா அப்புனு, உக்காரு. கையில என்ன, புதுச் செல்போனா? ஓ, தடிமன் பாக்கற கேஜா! தொளை போடாம, அறுக்காம, வெளிப்பக்கம் வெச்சாலே பிளேட்டு எத்தனை மி.மீ. மிச்சம்னு சொல்லிப்போடுமா? பேஷ். நான் காங்கயத்துப் பக்கம் அரிசி மில்லுல பாய்லருக்கு உமி தள்ளுன காலத்துல சுத்தியல்ல தட்டிக் காது குடுத்துக் கேப்போம். சத்தம் செத்து வந்தா ஃபிட்டருக்கு ஆள் அனுப்புவோம். நீ படிச்ச புள்ளை, அந்தத் தொல்லை இல்லை.

உன்ர மொதலாளி உன்னைய எதுக்கு அனுப்பறாருன்னு புரிஞ்சுதா கண்ணு? பைப்பெல்லாம் நல்லா இருக்குன்னு ஒரு தாள் வேணும் அவருக்கு. தாளுக்கு ஏத்த நம்பரை எப்படி எடுக்கறதுன்னு காலேஜ்ல சொல்லித்தர மாட்டாங்க. நான் சொல்றேன், கேட்டுக்க.

அந்தப் பெட்டி தடிமனை அளக்கறதே இல்லை. இதை வெளியில சொல்லிப்போடாத, கூலி கொறைஞ்சுபோகும். அது அளக்கறது நேரத்தை. கெணத்து மேட்டுல நின்னு கூவிட்டு, எதிரொலி வர்ற நேரத்தை வெச்சு ஆழம் சொல்ற மாதிரி. சத்தம், பிளேட்டு மேல வைக்கற புரோப்புலருந்து கெளம்பி, பிளேட்டோட அடுத்த மொகத்துல முட்டித் திரும்பி வருது. 6 மி.மீ. இரும்புல போயிட்டு வர்றதுக்கு, ஒரு விநாடியைப் பத்து லட்சம் பங்கு போட்டா அதுல ரெண்டு பங்கு நேரம் போதும். நேரத்தை வேகத்தால பெருக்கிப் பாதியாக்குனா தடிமன். அந்த வேகம் எத்தனைன்னு பெட்டிக்கு யாரு சொல்றது? நீதான்! அங்கதான் நம்ம பொழப்பு இருக்குது.

சாதா இரும்புல சத்தம் விநாடிக்கு 5,900 மீட்டர் சுமாருக்கு ஓடும். பித்தளையில 4,400 சுமார். இரும்புக்கு வெச்ச வேகத்தை மாத்தாம 6 மி.மீ. பித்தளை மேல வெச்சுப்பாரு, 8-ன்னு காட்டும். செலவே இல்லாம ரெண்டு மி.மீ. லாபம். வார்ப்பிரும்புன்னா இன்னும் விசேசம், அது ஒவ்வொரு வார்ப்புக்கும் ஒரு வேகம் வெச்சிருக்கும். எந்த நம்பர் வந்தாலும் அதுதான் சரின்னு அடிச்சுப் பேசலாம்.

பெயிண்டைச் சொரண்டாத, சொல்லிப்போட்டேன். கை வலிக்கும், நேரமும் போகும். பெயிண்டுல சத்தம் ஆடி அசைஞ்சுதான் நடக்கும். பெட்டிக்கு அது தெரியாது, எல்லாத்தையும் இரும்புன்னு எண்ணிக் கணக்குப் போடும். ஒரு மி.மீ. கனத்துக்குப் பெயிண்டு ஏறியிருந்தா, ரெண்டு மி.மீ.க்கு மேலயே இரும்பு கூடிப்போகும். பத்து வருசமா நோம்பிக்கு நோம்பி பூசுன மில்லுன்னா கேக்கவே வேண்டாம், பைப்பு வருசா வருசம் தடிச்சுக்கிட்டே வரும்! பின்மொகத்துல ஒருதடவை முட்டுன எதிரொலிக்கும் அடுத்த எதிரொலிக்கும் நடுவுல இருக்கற நேரத்தை மட்டும் எடுத்துப் பெயிண்டைக் கழிச்சுப்போடற கேஜும் கடையில விக்குது. அதை வாங்கிப்போடாத. உம்மை சொல்ற பெட்டிக்கு வெலை சாஸ்தி.

பாய்லர் ஆர்ற வரைக்கும் எதுக்குக் காத்திருக்கற? சூட்டுல இரும்புக்குள்ள சத்தம் சோம்பிப்போகும். 55 டிகிரி ஏறுனா நூத்துக்கு ஒரு பங்கு தடிமன் கூடக் காட்டும். என்ன, சாதா புரோப்பு 50, 60 டிகிரிக்கு மேல தாங்காது. வெந்துபோனா மொதலாளி காசுதானே.

இப்போ சொல்றதுதான் எனக்கு ரொம்பப் புடிச்சது. பிளேட்டு ரொம்பத் தேஞ்சு, புரோப்போட வரம்புக்குக் கீழ போயிருச்சுன்னு வெச்சுக்க. ஒரு மி.மீ. கிட்ட வரும் அந்த வரம்பு, புரோப்புக்குப் புரோப்பு மாறும். அதுக்குக் கீழ மொத எதிரொலியைக் கோட்டைவிட்டுட்டு ரெண்டாவதைப் புடிச்சுக் கணக்குப் போடும் அந்தப் பெட்டி. 0.8 இருக்கற எடம் 1.6-ன்னு வரும். நாளைக்கே ஓட்டை விழப்போற எடம் பாரு, அதுதான் ரெண்டு மடங்கு பெருத்து நிக்கும். இதை விடப் பெரிய புண்ணியவான் பெட்டி ஒலகத்துல உண்டா?

ஜெல் தடவறதையும் சித்த சொல்லிப்போடறேன். நடுவுல மெல்லிசாக் காத்து நின்னாலும் சத்தம் உள்ளே எறங்காது, அதனால கிளிசரினோ கிரீசோ தடவாம முடியாது. பைப்புல வைக்கறப்போ புரோப்பு மூஞ்சி நடுவுல ஒரு கோடு இருக்கும் பாரு, அது பைப்போட நீளத்துக்குக் குறுக்கால இருக்கணும். அதுக்கப்பறம் புரோப்பைத் திருப்பிவெச்சு இன்னொரு தடவை பாரு. ரெண்டுல சின்ன நம்பரை எழுதறதுதான் மொறை. பெருசை எழுதுனா உனக்கு டீ கெடைக்கும்.

இத்தனை வித்தையும் வேண்டாம்னா, சுளுவா இன்னொன்னு இருக்குது. நம்பரே பொய்யா இருக்காது. நேர் பைப்புல, கைக்கு எட்டற எடமாப் பாத்து வெச்சு எழுதிட்டு வந்துரு. பைப்பு வளையற பெண்டுப் பக்கம் போகாத. வால்வு தாண்டி ஓரடி தூரம் போகாத. தண்ணி சுழிச்சு ஓடற எடம்தானே உள்ளால அரிக்கும், அங்க எதுக்கு நமக்கு வேலை?

ஜப்பான்ல இதைப் பெருசாப் பண்ணிப் பாத்திருக்காங்க. மிஹாமான்னு ஒரு அணுமின் நெலையம், மூணாம் யூனிட்டு. அணு ஒலைப் பக்கமில்லை, டர்பைன் பக்கத்துக் கொதிதண்ணிப் பைப்பு. போட்டப்போ 10 மி.மீ. கனம். ஓட்டத்தை அளக்கறதுக்கு உள்ளே ஒரு தட்டு வெச்சிருந்தாங்க. அதைத் தாண்டித் தண்ணி சுழிச்சுச் சுழிச்சுப் பைப்பைத் தின்னுபோட்டுது. கேஜ் வைக்க வேண்டிய எடங்களோட பட்டியல்ல அந்த எடம் விட்டுப்போச்சு. 1976-ல ஓட ஆரம்பிச்சது, 28 வருசம் அங்க ஒருத்தரும் புரோப்பு வைக்கலை. 2004 ஆகஸ்ட் 9-ந்தேதி வெடிச்சப்போ, ரொம்ப மெலிஞ்ச எடத்துல மிச்சம் 0.4 மி.மீ. அஞ்சு நாள் கழிச்சு, 14-ந்தேதி, நெலையத்தை நிறுத்திச் சோதனை போடறதா இருந்தது. அதுக்கு ஏற்பாடு பண்ண வந்த கூலியாளுகதான் உள்ளே நின்னாங்க. அஞ்சு பேரு ஆவியில வெந்து செத்தாங்க.

அவங்க கேஜு ஒரு பொய்யும் சொல்லலை அப்புனு. வெச்ச எடத்துலயெல்லாம் உம்மையைத்தான் சொல்லுச்சு.

என்ன, டீ ஆறுது, குடிக்காம என்ர மூஞ்சியவே பாக்கற? நாளைக்கு ஞாயித்துக்கெழமை, பாய்லர் ஆறியிருக்கும். உப்புத்தாளும் கம்பிப் பிரசும் எடுத்துக்க. தடிமன் தெரிஞ்ச படிக்கட்டை இருக்குமே, அந்த பிளாக்குல வெச்சு நம்பர் ஒத்து வருதான்னு மொதல்ல பாரு. அப்பறம் பெண்டோட வெளி வளைவுலருந்து ஆரம்பி. ஏணியைப் புடிக்க ஆள் இல்லைன்னா என்னையக் கூப்புடு.