கறைபடாத பீரோ வாழ்க

பள்ளிக்கூடத்துப் புத்தக பீரோவே, காமயகவுண்டன்பட்டியிலிருந்து உன்னை வாழ்த்தி எழுதுகிறேன். எந்த ஊர் பீரோ என்று பெயர் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் நீ பல ஊர்களில் நிற்கிறாய். எல்லா ஊரிலும் உன் குணம் ஒன்றுதான்.

உன்னிடம் இருப்பவை போல மேனி நலுங்காத புத்தகங்களை வேறெங்கும் பார்க்க முடியாது. அட்டையில் ஒரு கீறல் இல்லை. ஓரம் மடங்கிய பக்கம் இல்லை. எச்சில் தொட்டுப் புரட்டிய தடம் இல்லை. வாங்கிய அன்று இருந்த மை வாசனை இன்னும் போகவில்லை. இருப்புப் பதிவேட்டில் எத்தனை என்று எழுதியிருக்கிறதோ அத்தனையும் உள்ளே இருக்கின்றன. இதில் ஒரு சொல்லும் மிகையில்லை.

இப்படி வாழ்த்துவதற்கு எனக்கு வழிகாட்டி ஔவையார். அதியமானின் தூதராக அவர் தொண்டைமானிடம் போனபோது, அவன் தன் ஆயுதக் கொட்டிலைக் காட்டினான். மயிற்பீலி சூட்டி, மாலை அணிவித்து, நெய் பூசிக் காவலோடு வைத்திருந்த படைக்கருவிகளை ஔவையார் பாராட்டினார். எங்கள் அதியமானுடைய வேல்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். புறநானூற்றின் 95-ஆம் பாட்டு இது. ஔவையார் சொன்னதில் ஒரு பொய்கூட இல்லை. எது போர்க்களம் கண்ட வேல், எது காணாத வேல் என்பது மட்டும் கேட்டவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

உனக்கும் அந்த அலங்காரம் உண்டு. சரஸ்வதி பூசையன்று சந்தனமும் குங்குமமும் வைக்கிறார்கள். அன்று ஒரு நாள் புத்தகத்தைத் தொட்டுப் படிக்கக் கூடாது என்பது நம் வீடுகளின் வழக்கம். மறுநாள் விஜயதசமியில் வீடுகளில் புத்தகத்தை எடுத்துவிடுகிறார்கள். நீ அந்த நோன்பை ஆண்டு முழுவதும் விடாமல் காக்கிறாய்.

உன் கொள்ளளவும் பெரிது. ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் வேண்டும், அதில் செய்தித்தாளும் இதழ்களும் கதைப் புத்தகங்களும் இருக்க வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொன்னது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம், பள்ளியின் நிலையைப் பொறுத்து 5,000 ரூபாயிலிருந்து 20,000 ரூபாய் வரை நூலக மானியம் ஒதுக்கியது. புத்தகப் பூங்கொத்து என்ற திட்டத்தில் புத்தகங்கள் வந்தன. ஊஞ்சல், தேன்சிட்டு இதழ்கள் வந்தன. 2023-இல் வாசிப்பு இயக்கம் வந்தது. எழுத்துக்கூட்டும் பிள்ளையிலிருந்து சரளமாக வாசிக்கும் பிள்ளை வரைக்கும் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் சின்னச் சின்னப் புத்தகங்கள். வந்த எதையும் நீ திருப்பி அனுப்பவில்லை. நுழை வரிசையும் உனக்குள் நுழைந்தது. பற வரிசையும் உன் மேல்தட்டில் அடங்கி உட்கார்ந்திருக்கிறது.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். இரங்கநாதன் 1931-இல் நூலகத்துக்கு ஐந்து விதிகளை வகுத்தார். புத்தகங்கள் பயன்படுத்துவதற்கே என்பது முதல் விதி. இடைக்கால ஐரோப்பாவில் புத்தகங்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்ததையும் அவர் நினைவூட்டினார். காவலில் நீ அந்த ஐரோப்பியர்களையும் மிஞ்சியவன். சங்கிலியில் இருந்த புத்தகத்தைக்கூட அருகே போய் நின்று வாசிக்க முடிந்தது. அதே 1931-இல் மன்னார்குடியில் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிச் சுற்றியிருந்த கிராமங்களுக்குக் கொண்டுபோனார்கள். வண்டிப்பாதையின் புழுதியில் அந்த அட்டைகள் என்ன பாடு பட்டிருக்கும்! உன்னிடம் இருந்திருந்தால் இன்றைக்கும் புதிதாகவே இருந்திருக்கும்.

உனக்குத் துணை நிற்கும் வாசிப்புப் பாடவேளையையும் பாராட்ட வேண்டும். கால அட்டவணையில் அதற்கென்று ஒரு கட்டம் இருக்கிறது. கணக்குப் பாடம் முடியாவிட்டால் தன் நேரத்தைப் பெருந்தன்மையாக விட்டுக்கொடுக்கிறது. என்றைக்காவது உன் கதவு திறந்துவிட்டாலும் ஆபத்தில்லை. ஆளுக்கொரு புத்தகத்தை எடுத்துக் கையில் கொடுத்து, ஒவ்வொருவராக எழுப்பிவிட்டுச் சத்தமாக வாசிக்கச் சொல்கிறார்கள். திக்கினால் அந்த இடத்திலேயே திருத்துகிறார்கள். முடிந்ததும் கதையின் நீதி என்ன என்று கேட்கிறார்கள். பத்து வரியில் எழுதி வரச் சொல்கிறார்கள். கதையும் இன்னொரு பாடம்தான் என்று பிள்ளைகளுக்கு ஒரே நாளில் புரிந்துவிடுகிறது. பிறகு யாரும் உன் பக்கம் வந்து நிற்பதில்லை. பூட்டைவிட இது உறுதியான காவல்.

இனி, உன் அருகே வைக்கத் தகாத புத்தகங்களைப் பற்றிச் சொல்கிறேன். சில பள்ளிகளில் அவை வகுப்பறைக்குள் குறுக்கே கட்டிய கயிற்றில், பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் தொங்குகின்றன. எதை எடுப்பது என்பதைப் பிள்ளையே முடிவு செய்கிறாள். நாலு பக்கம் பார்த்துப் பிடிக்காவிட்டால் மாட்டிவிட்டு வேறொன்றை எடுக்கிறாள். பிரெஞ்சு ஆசிரியரும் எழுத்தாளருமான டேனியல் பென்னாக், வாசகரின் உரிமைகள் என்று 1992-இல் பத்தைப் பட்டியலிட்டார். பக்கங்களைத் தாண்டிப் போவதும், பாதியில் மூடிவிடுவதும் அவற்றில் அடக்கம். அவள் அவரை அறியமாட்டாள். ஆனால் அந்த உரிமை அவளுக்கு அந்த வகுப்பில் கிடைக்கிறது.

அங்கே ஆசிரியர் தாமே வாசித்துக் காட்டுகிறார். அடுத்து என்ன என்று பிள்ளைகள் நகர்ந்து நகர்ந்து பக்கத்தில் வரும்போது புத்தகத்தை மூடிவிட்டு, மிச்சம் நாளைக்கு என்கிறார். குஜராத்தின் கிஜுபாய் பதேகா தம் ‘பகல் கனவு’ நூலில் இதைத்தான் காட்டினார். அதில் வரும் ஆசிரியர் நான்காம் வகுப்பைக் கதையால் கட்டிப்போடுகிறார். எல்லாரும் ஒரே பாடநூலை வாங்குவதற்கு ஆகும் பணத்தில் வெவ்வேறு புத்தகங்களை வாங்கி, வகுப்புக்கே நூலகம் அமைக்கிறார்.

மாலையில் அந்தப் புத்தகங்கள் பைக்குள் ஏறி வீட்டுக்குப் போகின்றன. அம்மா திராட்சைத் தோட்டத்து வேலை முடிந்து வந்து அடுப்பு மூட்டுகிறாள். எழுத்தே படிக்காத அப்பத்தாவுக்குப் பேத்தி கதை வாசித்துக் காட்டுகிறாள். பக்கத்தில் குழம்புக் கறை படுகிறது. தம்பி அட்டையை இழுத்துக் கிழிக்கிறான். மறுநாள் சோற்றுப் பசை போட்டு ஒட்டிக் கொண்டுவருகிறாள். அடுத்து எனக்கு என்று மூன்று பேர் அதற்குச் சண்டை போடுகிறார்கள். சில புத்தகங்கள் திரும்பி வருவதேயில்லை. இவை கொல்லன் பட்டறையில் கிடக்கும் வேல்கள். உன் அழகுக்கு முன்னால் இவை நிற்க முடியாது.

உன் சாவியை வைத்திருக்கும் ஆசிரியரை நான் குறை சொல்லமாட்டேன். ஒரு புத்தகம் தொலைந்தால் தணிக்கையில் தாம்தான் பதில் சொல்ல வேண்டும் என்று அவர் பயப்படுகிறார். இருக்கிறதா என்று கேட்க அதிகாரி உண்டு. வாசித்தார்களா என்று கேட்க ஆளில்லை என்றால் எந்த மனிதரும் பூட்டத்தான் செய்வார். உனக்குச் சேரும் புகழில் பெரும்பங்கு அப்படி எண்ணிப் பழகிய கணக்குக்கே உரியது. எங்கள் பக்கத்துப் பன்னீர் திராட்சைக்குக் கணக்கு வேறு. பந்தலில் கொத்து குறையாமல் தொங்குகிறது என்று எந்தச் சம்சாரியும் பெருமைப்படமாட்டார். பறித்துப் பெட்டியில் ஏற்றியதுதான் அவருக்கு விளைச்சல்.

ஆகவே ஆய்வுக்கு வரும் அதிகாரிகளிடம் கேட்கிறேன். பதிவேட்டில் ‘வாசித்துத் தேய்ந்தவை’ என்று ஒரு பத்தி சேருங்கள். அதில் எழுதிய புத்தகத்துக்கு ஆசிரியர் பணம் கட்ட வேண்டாம் என்று எழுத்தில் கொடுங்கள். பிள்ளையிடம் நீதி கேட்காதீர்கள். எந்தப் புத்தகம் பிடித்தது என்று கேட்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை உட்காருங்கள். எல்லாம் புதிதாகவே இருக்கும் பள்ளியிடம் காரணம் கேளுங்கள். கிழிந்தவை நிறைய வைத்திருக்கும் பள்ளிக்கு அடுத்த மானியத்தை முதலில் கொடுங்கள்.